இலாரியோன் நடந்து பார்த்த பத்திகள்

ஏழாம் வகுப்பின் கட்டுரைகளை வாசித்து முடித்தபோது சவேத்தா டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "எங்கள் ஊரில் இலையுதிர்காலம்" என்று தலைப்புக் கொடுத்திருந்தாள். எந்தத் தாளைப் புரட்டினாலும் இலையுதிர்காலம் ஒரு பணக்காரச் சீமாட்டியாகச் செம்புநிறப் பாவாடையை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் தங்கக் கம்பளம் விரித்தாள். வானத்தில் நாரைகள் விடைபெற்று அழுதன. ஃபஜேத் மலையூரில் நாரையை எவன் கண்டான்? இங்கே இலையுதிர்காலம் என்றால் வீட்டுக்கு வீடு அண்டாவில் பிளம் ஜாம் கொதிக்கும், பீப்பாயில் முட்டைக்கோஸ் ஊறும், தெருவில் முழங்கால் வரை சேறு. அதில் ஒரு துளிகூட ஒரு தாளிலும் இல்லை.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. ருமேனியாவில் பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான். சின்ன வகுப்பிலேயே அழகு வாக்கியங்களைச் சேர்த்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார்கள். பிறகு எந்தத் தலைப்புக் கொடுத்தாலும் அவற்றை எடுத்து ஒட்ட வேண்டியதுதான். அதில் கைதேர்ந்தவள் யுஸ்தினா. அவள் கட்டுரையில் சீமாட்டி மட்டும் அல்ல, சீமாட்டியின் தோழிகளும் வந்திருந்தார்கள்.

"யுஸ்தினா, இந்த அம்மாவை நீ எங்க பார்த்த?"

"பார்க்கல டீச்சர். மூணாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ணினது."

"உங்க வீட்ல ஜாம் காய்ச்சலையா?"

"காய்ச்சாம என்ன! எங்க சித்தி கிண்டிக்கிட்டே தூங்கி, கரண்டியோட அண்டாக்குள்ள விழப்பார்த்தாங்க."

"அதை எழுதலாமில்ல?"

யுஸ்தினா திகைத்துப் போனாள். "ஐயய்யோ, அதையெல்லாம் போய் கட்டுரையில எழுதுவாங்களா டீச்சர்?"

சவேத்தாவுக்கு இந்த வருஷம் விளையாட்டுக்கு நேரமில்லை. அவள் இந்த ஊர்க்காரிதான். மொழிப்பாடம் படித்துப் பட்டம் வாங்கியவள். வாங்கி என்ன செய்ய, வேலை கிடைக்கவில்லை. ஊரில் பாதிப்பேர் போன மாதிரி அவளும் இத்தாலிக்குப் போய், முடியாத கிழவிகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, எட்டு வருஷம் ஓட்டினாள். போய் இறங்கிய முதல் நாளே பாடம் ஆரம்பமாகிவிட்டது. வேலை பார்க்கப்போகும் வீட்டுக்கு வழி சொன்ன பெரியப்பா மகள், "ஸ்டேஷன்ல இறங்கு, வெளிய வந்தா ரொட்டி வாசனை அடிக்கும், அந்தப் பக்கம் போ" என்று சொல்லியிருந்தாள். அன்று ஞாயிற்றுக்கிழமை. ரொட்டிக்கடைக்கு விடுமுறை. கொட்டும் மழையில் பெட்டியோடு நின்று, வந்த கோபத்தில் அழுகைகூட வராமல், தெரியாதவனுக்கு வழி சொல்லத் தெரியாத நாவை என்ன செய்தால் தகும் என்று யோசித்தவள் அவள்.

திரும்பி வந்தபின் பள்ளியில் தற்காலிக வேலை. வருஷாவருஷம் நீட்டித்துக் கொடுப்பார்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பில் உட்கார்ந்து, பாடம் நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போட வேண்டும். இரண்டு தடவை போய்விட்டது. முதல் தடவை ஒத்திகை அதிகமாகி, அவள் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது ஒரு பயல் நான்காவது கேள்விக்கான பதிலை முழங்கினான். இரண்டாம் தடவை ஒத்திகையே வேண்டாம் என்று விட்டாள். இன்ஸ்பெக்டரைக் கண்டதும் வகுப்பு மொத்தமும் ஊமையாகிவிட்டது. இது மூன்றாவது. விதிப்படி இதோடு சரி. இதிலும் போனால் அலமாரி மேலே இருக்கிற நீலப் பெட்டியை இறக்கிக்கொண்டு மறுபடி இத்தாலிக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பெட்டியைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு இந்த ஊரில், இந்தப் பிள்ளைகளோடு, தன் புருஷனோடு இருக்க வேண்டும். வேறு ஆசை எதுவும் கிடையாது.

தலைமையாசிரியர் கிரியாக் நல்ல மனுஷன்தான். ஆனால் பயந்த சுபாவம்.

"டீச்சர், இன்ஸ்பெக்டர் அம்மா அடுத்த மாசம் வர்றாங்க. இன்னைக்கே ஒத்திகையை ஆரம்பிச்சிடுங்க. பதில் தெரிஞ்சவன் வலது கையைத் தூக்கட்டும், தெரியாதவன் இடது கை. பார்க்கிறவங்களுக்கு எல்லாக் கையும் மேல இருக்கும். நீங்க வலது கையா பார்த்துக் கேளுங்க. யுஸ்தினா அந்தச் சீமாட்டியைச் சொல்லட்டும். சாப்பாட்டுக்கு எங்க வீட்டம்மா சர்மாலே செய்றா. கொத்துக்கறியை முட்டைக்கோஸ் இலையில சுருட்டி அவ வேகவச்சா எந்த இன்ஸ்பெக்டரும் மதிப்பெண்ல கை வைக்க மாட்டாங்க."

"சர்மாலேக்கு மதிப்பெண் வாங்கித் தர்றதா இருந்தா உங்க வீட்டம்மாவையே பாடம் நடத்தச் சொல்லுங்க சார்" என்றாள் சவேத்தா.

"கிண்டல் பண்ணாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் வகுப்பில் அவள் கரும்பலகையில் ஒரே வரி எழுதினாள்: "பள்ளியிலிருந்து எங்கள் வீட்டுக்கு." ஒரே ஒரு பத்தி. ஊர்க்காரர் பெயர் எதுவும் வரக்கூடாது.

"இது என்ன டீச்சர், எல்லாருக்கும் எல்லார் வீடும் தெரியுமே!" என்று கத்தினார்கள்.

"ஒருத்தருக்குத் தெரியாது. அவர்தான் நடந்து பார்ப்பார். நீங்க எழுதினபடியே நடப்பார். பின்னால வர்ற யாரும் வாய் திறக்கக் கூடாது. சரியா வீடு வந்து சேர்ந்தா அந்த வீட்டு அம்மா வகுப்பு முழுக்க ஜாம் வச்சு அப்பம் சுட்டுத் தரணும். சேரலேன்னா அப்பம் கிடையாது, ஆளுக்கு ஒரு கொட்டாவிதான்."

அந்த ஒருத்தர் அவள் புருஷன் இலாரியோன். வேறு மாவட்டத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் தன் வீடு, தன் வயல், சாராயம் காய்ச்சும் கொட்டகை, இந்த மூன்றுக்கு மட்டும்தான் வழி தெரியும். ஒரு தடவை மாமனாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பாதிரியாரைக் கூட்டிவரப் போனவர், வழி மாறிப் போய் மாட்டு டாக்டரோடு வந்தார். மாமனார் பிழைத்துக்கொண்டது தனிக் கதை.

"ஏய்யா, பிள்ளைங்க எழுதினதைப் பிடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி நடக்கணும். முடியுமா?"

"வழி தப்பினா திட்டுவியா?"

"வழி தப்பத்தான் உன்னைக் கூப்பிடுறேன்."

"அப்படின்னா என்னை விட்டா ஆள் ஏது!" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

முதல் தாள் யுஸ்தினாவுடையது. "சீமாட்டி தன் செம்புநிறப் பாவாடையை விரித்திருக்கும் இடத்தில் இடப்புறம் திரும்ப வேண்டும்" என்று இருந்தது. இலாரியோன் சந்தைத் திடலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். மளிகைக்கடை வாசலில் கடைக்காரரின் மனைவி ஒரு செந்நிறப் பாவாடையோடு உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். இலாரியோன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, அவள் பாவாடையை ஒட்டி இடப்புறம் திரும்பினார். பத்தியில் அதற்குப் பிறகு தங்கக் கம்பளமும் பொன் மழையும்தான். கடைசியில் பாதிரியார் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைய, வாத்துகள் அவரை வேலி தாண்ட விரட்டின. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டார்கள்.

"நீ எழுதினபடிதானேம்மா வந்தேன்! அந்த அம்மா எந்திரிச்சு வீட்டுக்குள்ள போயிருந்தா நான் இன்னும் அங்கேயேதான் நின்னிருப்பேன்" என்றார் யுஸ்தினாவிடம்.

அதற்குள் யுஸ்தினாவின் அம்மா அகப்பையோடு திடலுக்கே வந்துவிட்டாள். "என்னடி எழுதித் தொலைச்ச? மலை மாதிரி சுட்டு வச்சிருக்கேன், எல்லாம் ஆறி அவலாப் போச்சு! நம்ம வீட்டு வாசல்ல நீலக் கேட் இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

யுஸ்தினா அங்கேயே தாளைப் பிடுங்கிச் சீமாட்டியை அடித்தாள். தோழிகளையும் அடித்தாள். நீலக் கேட்டை எழுதினாள். சவேத்தா இரண்டு வருஷமாகச் சிவப்பு மையால் செய்ய முடியாததை ஆறிப்போன அப்பம் செய்துவிட்டது.

அடுத்தடுத்த தாள்களில் வேறொரு கூத்து. "மில் இருந்த இடத்தில் திரும்பவும்" என்று ஒருவன் எழுதியிருந்தான். மில் எரிந்துபோனபோது அவன் அப்பாவே பிறக்கவில்லை. "சிமியோன் தாத்தாவின் வால்நட் மரத்தடியில் வலப்புறம்" என்று இன்னொருத்தி. பெயர் எழுதக் கூடாது என்றது ஒரு பக்கம் இருக்க, மரத்தையும் காணோம். எங்கள் பக்கத்தில் வழி சொல்கிற லட்சணமே இதுதான், இல்லாததை வைத்துத்தான் சொல்வோம். இலாரியோன் வெட்டவெளியில் நின்று மரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது கிரியாக் சார் அந்த வழியே வந்தார்.

"என்ன இலாரியோன், சிமியோன் மரம் தெரியாதா?"

"எங்க சார் மரம்?"

"அதை வெட்டியே முப்பது வருஷமாச்சு."

"அப்புறம் நான் எதைப் பார்த்துத் திரும்புறது?"

"அது இருந்த இடத்தைப் பார்த்துத்தான்!" என்று சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி போய்விட்டார்.

அடுத்த வாரத்துக்குள் ஊரே இதில் இறங்கிவிட்டது. தன் வீட்டுக்கு இன்னும் யாரும் வந்து சேரவில்லை என்று தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். "எங்க வீடு மட்டும் என்ன இளக்காரமா? எம்மவனை ஒழுங்கா எழுத வைங்க டீச்சர், மாவு புளிக்குது" என்று ஒருத்தி ஜன்னலில் தட்டினாள். பிள்ளைகள் இடைவேளையில்கூட எழுதி, அடித்து, எழுதினார்கள். முதல் வரியிலேயே எங்கே போகிறோம் என்று சொல்லிவிட வேண்டும், கால் போகிற வரிசையில் வாக்கியம் போக வேண்டும், அந்த வீட்டைத் தவிர வேறு கதை அதில் நுழையக் கூடாது. எல்லாம் அவர்களே கண்டுபிடித்தது. சவேத்தா சந்தோஷத்தில் மிதந்தாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் நீலப் பெட்டி கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இலாரியோனும் அந்தப் பெட்டியைப் பார்ப்பார்.

யாராலும் போய்ச் சேர முடியாத வீடு ஒன்றுதான் மிச்சம். அது ரவேக்காவின் வீடு. ஓடைக்கு அந்தப்பக்கம், மேட்டின் உச்சியில். ரவேக்கா வகுப்பில் வாயே திறக்காதவள். ஆனால் எழுதினால் நிறுத்த மாட்டாள். அவளிடம் சீமாட்டி இல்லை, மற்ற எல்லாம் இருந்தது. எந்த ஆடு எந்தக் கல்லில் ஏறும், எந்தக் கிளையில் அவள் தொப்பி மாட்டியது, அப்பா எந்தத் திருப்பத்தில் வழுக்கி விழுந்தார். இலாரியோன் வாசித்துக்கொண்டே நடந்து, மூன்றாம் பக்கத்தில் ஓடைக்குள் காலை வைத்துவிட்டார்.

ரவேக்காவுக்கு அழுகை முட்டியது. "எதை வச்சுக்கிறது, எதை விடுறதுன்னு தெரியல டீச்சர். எல்லாமே நெசந்தானே?"

"நெசந்தான் கண்ணு. ஆனா இலாரியோன் மாமா காலுக்கு எது வேணுமோ அது மட்டும் இதுல இருக்கட்டும். ஆட்டுக்கு வேற பத்தி எழுதலாம். ஆடு எங்கயும் ஓடிடாது."

ரவேக்கா குறைத்தாள். மறுபடி குறைத்தாள். கடைசியில் ஒரு நாள் நீட்டிய தாளில் இவ்வளவுதான் இருந்தது:

"எங்கள் வீடு ஓடைக்கு அந்தப்பக்கம் மேட்டின் உச்சியில் இருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து தேவாலயம் வரை நேராக வர வேண்டும். தேவாலயத்தின் பின்னால் தகரக்கூரை போட்ட கிணறு இருக்கும். அங்கே வலப்புறம் திரும்பினால் மரப்பாலம். பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். வேலி உள்ள பாதையில் வேலி முடியும் வரை ஏற வேண்டும். வேலி முடிகிற இடத்தில் பச்சைக் கதவு தெரியும். அதுதான் எங்கள் வீடு."

இலாரியோன் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறிப்போய்ப் பச்சைக் கதவைத் தட்டினார். ரவேக்காவின் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. சுட்ட அப்பம் போதாமல் பக்கத்து வீட்டு அடுப்பிலும் சுட்டாள். அந்தத் தாளைக் கதவுக்குப் பக்கத்தில், மாதா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வரும் நாள் விடிந்தது. விடிந்தது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பனிமூட்டம். கிரியாக் சார் கழுத்தை இறுக்கும் டையோடு பள்ளி வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். சர்மாலே பானை அடுப்பில் கொதித்தது. நேரம் ஆகிக்கொண்டே போனது. கைபேசி ஒலித்ததும் பாய்ந்து எடுத்தார்.

"வணக்கம் மேடம்! வழி தெரியலையா? ஒண்ணும் கவலை வேணாம். கூட்டுறவுக் கடை இருந்த இடத்துல வலது பக்கம் திரும்புங்க. அப்புறம் நேரா வந்தா சிமியோன் வால்நட் மரம். அங்க... ஹலோ? ஹலோ?"

பக்கத்தில் நின்று கேட்ட சவேத்தா சுவரில் சாய்ந்துவிட்டாள். "சார், உங்க வாயால என் பொழைப்பு போச்சு சார்" என்று அடித்தொண்டையில் சொன்னாள். கிரியாக் சாருக்கு அப்போதும் என்ன தப்பு என்று புரியவில்லை.

மணி அடித்தது. வகுப்பு உட்கார்ந்தது. இன்ஸ்பெக்டர் வரவில்லை. வராமலே திரும்பிப் போனாலும் போயிற்று, வழி தெரியாத எரிச்சலோடு வந்தாலும் போயிற்று. பாடத்தை ஆரம்பிக்கவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று மனம் தானாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த மனத்தை அவள் வாய்க்குள் திட்டினாள்.

அப்போது கதவு திறந்தது. கணுக்கால் வரை சேற்றோடு ஓர் அம்மா நின்றார். ஒரு கையில் தோல்பை, மறு கையில் ஆணி ஓட்டை விழுந்த ஒரு தாள். உதட்டோரத்தில் பிளம் ஜாம்.

"நான் ஸ்டாமாத்தே. இன்ஸ்பெக்டர்." மூச்சு வாங்கினார். "இதுல ரவேக்கா யாரு?"

ரவேக்கா எழுந்து நின்றாள்.

"இல்லாத கடை, இல்லாத மரம் ரெண்டையும் தேடி மலையில ஏறிட்டேன். உங்க வீட்டு வாசல்ல வந்து கார் சேத்துல மாட்டிக்கிச்சு. உங்கம்மா வரேன்னுதான் சொன்னாங்க, ஆனா கன்னுபோடுற பசுவை விட்டுட்டு எப்படி வருவாங்க? இந்தத் தாளைக் கழட்டிக் குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துலேருந்து வீட்டுக்கு வர்றதுக்கு எழுதியிருக்கு. நான் வீட்டுலேருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகணும். சரின்னு கடைசி வாக்கியத்துலேருந்து மேல மேல படிச்சுக்கிட்டே இறங்கினேன். கதவு, வேலி, பாலம், கிணறு, தேவாலயம். ஒண்ணுகூட இடம் மாறல." அவர் தாளை உயர்த்திக் காட்டினார். "ஒரே ஒரு குறை. வேலி பாதியில இருக்கும்போது ஒரு நாய் பாய்ஞ்சு வந்துதே, அதை ஏன் எழுதல?"

"அது... என்னைக் கடிக்காதுங்க" என்றாள் ரவேக்கா.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கிரியாக் சார் கண்ணை மூடிக்கொண்டார். சவேத்தாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, சுண்ணாம்புக்கட்டியை எடுத்துவிட்டாள்.

"பார்த்தியா கண்ணு, எழுதினவளைத் தெரிஞ்ச நாய், படிக்கிறவங்களைத் தெரிஞ்ச நாய் இல்ல. சரி, எல்லாரும் சொல்லுங்க, நாய் எந்த இடத்துல வரணும்?"

அவ்வளவுதான். தயாரித்து வைத்திருந்த பாடம் போன இடம் தெரியவில்லை. முதல் வரியிலேயே நாயைச் சொல்லிவிடலாம் என்றான் ஒருவன். "சொன்னா எவன் வருவான்?" என்று எகிறினாள் யுஸ்தினா. வேலியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். வீடு வந்த பிறகு சொல்லலாம் என்ற பயலை, "கடிச்ச அப்புறமா?" என்று எல்லோருமாகச் சேர்ந்து உட்கார வைத்தார்கள். வலது கை, இடது கை, இரண்டு கை எல்லாம் மேலே. கிரியாக் சார் மனசு கேட்காமல், "யுஸ்தினா, இலையுதிர்காலத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று ஜாடை காட்டினார். யுஸ்தினா எழுந்து, சித்தி அண்டாவுக்குள் விழப்பார்த்ததை ஒரே மூச்சில், ஒரே பத்தியாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் அம்மா தோல்பையை மடியில் வைத்தபடி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் எழுந்து வந்து, நாயை வேலிக்கு முந்திய வாக்கியத்தில்தான் வைக்க வேண்டும் என்று சவேத்தாவோடு சண்டை போட்டார். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

சர்மாலே தட்டோடு வந்த கிரியாக் சாரைக் கையால் நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் அம்மா முதலில் பேனாவைத்தான் எடுத்தார். "சாப்பிட்டுட்டுப் போட்டா சர்மாலேக்குப் போட்டேன்னு சொல்லுவாங்க" என்றபடி தாளில் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பத்துதான் முழு மதிப்பெண். "எத்தனையோ வகுப்புல உட்கார்ந்திருக்கேன் டீச்சர். ஒரு பிள்ளை எழுதினது என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து சேர்த்தது இதுதான் மொதல் தடவை." சவேத்தா நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. அந்த அம்மாவும் அவளைக் கட்டிக்கொண்டதில் ஜாம் கறை சவேத்தாவின் சட்டைக்கு மாறியது. காரை மீட்டு மெயின்ரோட்டுக்குப் போக வழி கேட்டபோது கிரியாக் சார், "கூட்டுறவுக் கடை..." என்று ஆரம்பித்தார். வகுப்பு மொத்தமும், "சார்!" என்று கத்தியது. ரவேக்கா ஏற்கெனவே எழுத உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் பள்ளி வாசலில் இலாரியோன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். அவர் தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"நானும் ஒண்ணு எழுதினேன். காலையிலேயே எழுதிட்டேன். திருத்திக் குடு."

கோணல்மாணலான எழுத்தில் இருந்தது: "இது நம்ம வீட்டுக்கு வர்ற வழி. பள்ளிக்கூட வாசல்லேருந்து நேரா வா. ரொட்டிக்கடையத் தாண்டி மூணாவது கேட்டு. உள்ள வந்துரு. அலமாரி மேல இருந்த நீலப் பெட்டி இப்ப அங்க இல்ல, அதுல வால்நட்டு கொட்டிக் கொட்டகையில வச்சுட்டேன்."

சவேத்தா இரண்டு தடவை வாசித்தாள். எழுத்து மங்கியதால் மூன்றாவது தடவை வாசிக்க முடியவில்லை.

"மதிப்பெண் தெரியாமலே கொட்டிட்டியா?"

"எட்டு வருஷம் தனியா ஆக்கித் தின்னவன்டி நான். இனிமே அந்தப் பெட்டி வால்நட்டுக்குத்தான்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீச்சர் குரலை வரவழைத்தாள். "ஒரு பத்தியில ஒரே விஷயந்தான் இருக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குறேன். என் புருஷன் ரெண்டு விஷயம் எழுதிருக்கான் பாரு. ஒண்ணு வழி, ஒண்ணு பெட்டி."

இலாரியோன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றார்.